யார் பசிக்கு எரிகிறது அடுப்பு?

(சென்னையில் நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு மாலை ஆறு மணிக்குக் கூட்டத்தை வைத்திருக்கிறீர்கள். டீ குடித்தாகிவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கிறது. எட்டு மணிக்கு மேல் பேசினால் யாரும் இருக்க மாட்டீர்கள் என்பது தெரியும். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

அழைப்பிதழில் ‘சென்னையில் நன்றாகச் சாப்பிடுவது எப்படி’ என்று போட்டிருக்கிறது. பத்துக் கடைப் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன் என்று நம்பிச் சிலர் தாளும் பேனாவுமாக வந்திருக்கிறீர்கள். கடைப் பெயர்கள் வரும், பட்டியலாக வராது. கடைப் பட்டியலுக்கு ஆயுள் குறைவு. சரக்கு மாஸ்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டால் சாம்பார் மாறிவிடும். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டால் ஒரே பெயரில் இரண்டு பலகை, இரண்டு ருசி. நான் சிலாகித்த கடைக்கு ஒரு வருஷம் கழித்து நீங்கள் போய் என்னைத் திட்டுவதில் யாருக்கு லாபம்? அதனால் கடையைக் கண்டுபிடிக்க உதவுகிற கேள்வியை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஒரு கடை வாசலில் நிற்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்த அடுப்பு யார் பசிக்கு எரிகிறது? எந்த நேரத்துப் பசிக்கு எரிகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பெயர்ப்பலகை இல்லாத இடத்திலும் நன்றாகச் சாப்பிடலாம்.

திருவல்லிக்கேணியில் தொடங்குவோம். தெற்கேயிருந்து வேலை தேடி வந்த பிரம்மச்சாரிகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய மேன்ஷன்களின் பேட்டை அது. ஒரு கட்டில், கொடியில் ஒரு லுங்கி, சுவரில் ஒரு சாமி படம், இல்லையென்றால் நடிகை படம். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. அடுப்பில்லாத அத்தனை ஆண்கள் ஒரே வட்டாரத்தில் இருந்தால் மெஸ் வராமல் என்ன செய்யும்? மெஸ்காரர் வழிப்போக்கரை நம்பித் தொழில் செய்கிறவரில்லை. அதே முகங்கள்தான் காலையும் ராத்திரியும் வரும். முதல் தேதியில் ஆம்லெட் கேட்கிற அதே ஆள் இருபத்தைந்தாம் தேதி ரசத்தோடு எழுந்துகொள்வார். இன்றைக்கு ரசம் தண்ணியாக இருந்தால் நாளைக்கு ஒரு மாடி முழுக்கப் பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்குப் போய்விடும். மெஸ்காரருக்கு இருக்கிற அந்தப் பயத்தில்தான் நம்முடைய நல்ல சாப்பாடு இருக்கிறது.

அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் வாசலில் டோக்கனை வைத்துக்கொண்டு எண் கூப்பிடக் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் இலை, சோறு, குழம்பு, கூட்டு. அதில் ஜாலம் ஒன்றும் கிடையாது. வீட்டில் அம்மா செவ்வாய்க்கிழமை செய்கிற மாதிரியான சாப்பாடு. தினமும் தின்கிறவனுக்கு வேண்டியது அதுதான். விருந்துச் சமையலை வாரம் முழுக்கத் தின்றால் எட்டாம் நாள் வயிறு கேள்வி கேட்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நாயர் மெஸ், 1961இலிருந்து. அது வேறொரு பசி. ஊரை விட்டு வந்த மலையாளிக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அந்த ஆளுக்காகப் பொரித்த மீனை இன்று நகரமே வரிசையில் நின்று தின்கிறது.

அதே பேட்டையில் ரத்னா கபே. 1948இல் வடநாட்டிலிருந்து வந்த ஒரு குப்தா குடும்பம் தொடங்கிய கடை. சென்னைக்காரன் சாம்பார் இட்லி என்றதும் நினைப்பது அந்தக் கடையை. இட்லியின் மேல் சாம்பாரை ஊற்றிவிட்டு சப்ளையர் போய்விடுவார், இட்லி குடித்து முடித்ததும் மறுபடி வாளியோடு வருவார், கேட்கவே வேண்டாம். சாம்பார் நம்முடையது, நம்மைத் தவிர யாருக்கும் கைவராது என்று மார்தட்டுகிறவர்கள் ஒரு காலை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்து பேசலாம்.

டிபன் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி உடுப்பிக்காரர்கள் போட்ட அடித்தளம். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையற்கட்டு வேலையில் ஆரம்பித்த கே. கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் திறந்தார். 1962இல் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் வந்தது. காரில் வந்தவர்களுக்குத் தட்டு காரைத் தேடி வந்தது. கார் இல்லாதவர்கள் உள்ளே ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கச் சினிமாவும் இலக்கியமும் அரசியலும் பேசினார்கள், யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. 2008இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. மரங்கள் நிற்கின்றன, காபிக்கு வெளியே வர வேண்டும்.

உடுப்பி ஹோட்டல்களுக்கும் அவற்றைப் பார்த்து எழுந்த கபேக்களுக்கும் யார் வந்தார்கள்? மாகாணத் தலைநகரில் குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள், கோர்ட்டு வழக்குக்கு வந்தவர்கள், கல்லூரியில் சேர்ந்த பையன்கள். இவர்களில் பலருக்கு வெளியே சாப்பிடுவதே கூச்சம். சமைத்தது யார், பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்கிற கூச்சம். அந்தக் கூச்சத்துக்குத் தீனி போடத்தான் ‘பிராமணாள்’ என்ற சொல் ஹோட்டல் பலகைகளில் ஏறியது. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவர்களுக்குத் தனியிடம் என்றிருந்த ஏற்பாடு 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிக் கிளர்ச்சி அறிவித்தார். நாள்தோறும் தொண்டர்கள் கடை முன்னால் போய் நின்று கைதானார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கைதான பிறகும் கிளர்ச்சி ஓயவில்லை. முடிவில் அந்தச் சொல் பலகையை விட்டு இறங்கியது.

ருசியைப் பற்றிப் பேச வந்தவன் பலகையைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் நெளிவது தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார, அவரும் யாரென்று கேட்காமல் நாமும் சொல்லாமல், சட்னிக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்து ஒரு தோசை தின்ன முடிகிறதே, நகரத்துச் சாப்பாட்டின் முதல் ருசி அதுதான் என்று நான் நினைக்கிறேன். அது தானாக வந்ததில்லை, அடி வாங்கி வந்தது. முழுசாக வந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2022 ஆகஸ்டில் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு ஏன் கடை இல்லை என்று குரல் எழுந்த பிறகே இடம் கொடுத்தார்கள். இத்தனைக்கும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அது அன்றாடச் சாப்பாடு. சாயங்காலத் தள்ளுவண்டியில் பிரியாணியும் சுக்காவும் பீஃப் பக்கோடாவும் விற்றுத் தீர்வதைப் பார்த்திருக்கிறேன். சென்னைச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் மயிலாப்பூரில் ஆரம்பித்து மாம்பலத்தில் முடித்துவிடுகிறார்கள். பேசின் பாலத்தைத் தாண்டியும் பஸ் போகிறது.

இப்போது பாரிமுனை. பர்மா பஜாருக்குப் பின்பக்கம் செகண்ட் லைன் பீச் சாலை. பகலில் கப்பல் ஏஜென்சிகளும் சரக்கு வண்டிகளுமாக இருக்கும். சாயங்காலமானால் தள்ளுவண்டிகளில் அத்தோ. இளைஞர்கள் இதைப் புதுத் தினுசு நூடுல்ஸ் என்று நினைத்துச் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகண்ணிகளை அரசுடைமையாக்கியது. தலைமுறைகளாக அங்கே வட்டிக்கும் வயலுக்கும் கூலிக்கும் வியாபாரத்துக்குமாகப் போய் வாழ்ந்திருந்த தமிழர்கள், கொண்டுவர அனுமதித்த கொஞ்சநஞ்சத்தோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்படித் திரும்பியவர்கள் பிழைக்க வைத்த கடைகளால்தான் பர்மா பஜாருக்கு அந்தப் பெயர். வியாசர்பாடியிலும் அவர்கள் குடியேறினார்கள். ஊர் தமிழ்நாடுதான், ஆனால் நாக்கு ரங்கூனில் பழகிய நாக்கு.

வண்டிக்காரர் செய்வதைக் கவனியுங்கள். கிண்ணத்தில் தடித்த நூடுல்ஸ். மேலே சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், கொத்தமல்லி. புளித்தண்ணீர், உப்பு, இடித்த மிளகாய். பொரித்த வெங்காயமும் பூண்டும், அவை பொரிந்த எண்ணெயும். மொறுமொறுவென்று இருக்கிற, பேஜோ என்கிற பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார். கரண்டி வைத்துக் கலந்தால் புளி எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப், அதற்கு மொய்ங்கா என்று பெயர். அவித்த முட்டையைக் கீறி அதற்குள் பொரித்த வெங்காயத்தைத் திணித்துப் புளித்தண்ணீர் விட்டுத் தருவதும் உண்டு. போகிறவர்களுக்கு ஒரு யோசனை: “அண்ணே, காரம் கம்மியா, புளி தூக்கலா” என்று சொல்லிப் பாருங்கள். அவர் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம் உங்கள் தட்டு தனியாகத் தயாராகும். துறைமுகக் கூலிக்காரர்களும் பாரிமுனை மொத்தக் கடைப் பையன்களும் இந்த வண்டிகளைச் சுற்றி நின்று சாப்பிடுவதைப் பார்த்தால், ஒரு வீட்டுச் சாப்பாடு எப்படி ஊர்ச் சாப்பாடாகிறது என்பது புரியும்.

கொஞ்ச தூரம் நடந்தால் தங்கசாலைத் தெரு, சௌகார்பேட்டை. குஜராத்திகளும் மார்வாடிகளும் தங்களுக்காக நடத்துகிற கடைகள். காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபியும் பாதாம் பாலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது முறுக்கு சாண்ட்விச். ரொட்டித்துண்டுக்குப் பதிலாக இரண்டு முறுக்கு, நடுவே வெள்ளரி, பீட்ரூட், தக்காளி, பச்சைச் சட்னி. நம் ஊர் முறுக்குக்கும் வடக்கத்திச் சட்னிக்கும் இந்தச் சந்தில் கல்யாணம் நடந்திருக்கிறது, பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை.

கிரீம்ஸ் சாலைப் பக்கம் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், வங்காள எழுத்தில் பலகைகள். பெரிய ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிற நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் அங்கே தங்குகின்றன. அவர்களுக்காகச் சமைக்கிற சின்னச் சின்ன ஹோட்டல்களில் ரோகு மீன் குழம்பு கிடைக்கும், மசூர் பருப்பு கிடைக்கும். ஆஸ்பத்திரி வராண்டாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கு வேண்டியது வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு. நல்ல சாப்பாட்டுக்கு இதைவிடக் கண்டிப்பான வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். 1990களின் கடைசியில் ஹூண்டாய் தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டையில் ஓட ஆரம்பித்த பிறகு சென்னையில் கொரிய உணவகங்கள் முளைத்ததும் இதே கணக்குத்தான். பர்ஸ் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

யாருடைய பசி என்பதைச் சொன்னேன். நேரத்தைச் சொல்லவில்லை. ருசியில் பாதி கடிகாரத்தில் இருக்கிறது.

இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அரைத்த மாவு விடிவதற்குள் பொங்கியிருக்கும். சென்னை வெக்கைக்கு அது சுலபம், பெங்களூரின் டிசம்பரில் பாடுபட வேண்டும். காலை முதல் ஈடும் இரண்டாம் ஈடும் ஒரு மாதிரி. பத்தரை மணி ஈட்டில் மாவு புளிப்பு ஏறிவிட்டிருக்கும், அதைச் சட்னியின் காரத்தில் மறைப்பார்கள். வெண்பொங்கலுக்கு ஆயுள் இன்னும் குறைவு. ஏழு மணிக்குக் கரண்டியிலிருந்து தானாக வழுக்கி இறங்குவது ஒன்பதரைக்குச் செங்கல்லாகும், அப்புறம் வெந்நீர் விட்டு இளக்குவார்கள். தோசை அப்படியில்லை, ஒவ்வொன்றும் உங்களுக்காகக் கல்லில் வார்க்கப்படுகிறது. நேரங்கெட்ட நேரத்தில் தெரியாத ஹோட்டலில் மாட்டிக்கொண்டால் தோசை சொல்லுங்கள், தப்பித்துக்கொள்ளலாம். பிரியாணிக்குப் பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை. பண்டாரி தம்மைப் பிரித்துத் தேக்சாவின் மூடியைத் தூக்கிய முதல் மணி நேரத்தில் சாப்பிட்டால்தான் கத்தரிக்காய்ப் பச்சடியும் தாளிச்சாவும் அதற்குத் துணை. நான்கு மணிக்கு மேல் அதே பச்சடி அதற்கு வைத்தியம். சைதாப்பேட்டை வடகறிக்குக் காலை. பரோட்டாவுக்கு மாஸ்டர் கல்லைத் தட்டுகிற ஓசை தெருவில் கேட்கத் தொடங்குகிற நேரம்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் ராயர் மெஸ் இருக்கிறது. சின்ன இடம், கொஞ்சம் நாற்காலி, காலையில் சில மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம். லேட்டாகப் போனால் “தீர்ந்துபோச்சு சார்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்கிற கடை மேல்தான் மரியாதை. அங்கே நேற்றைய வடையை இன்றைக்கு யாரும் சாம்பாரில் ஊறப்போடப் போவதில்லை. எந்நேரமும் எல்லாம் கிடைக்கும் என்கிற கடையில், அந்த எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பது நல்லது. பெரும்பாலும் ஃப்ரீசரிலிருந்து வருகிறது.

மாதக் கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்கான தடை. அந்தக் காலத்தில் காசிமேட்டில் விடியற்காலை ஏலக் கூச்சல் அடங்கிவிடும். வஞ்சிரம் வேண்டுமென்று நீங்கள் அடம்பிடித்தால் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் பயணம் செய்த மீன் கிடைக்கும், விலையும் பயணச் செலவோடு இருக்கும். கரையோரம் போய் வருகிற சின்னப் படகுகளுக்கு அந்தத் தடை கிடையாது. அவை கொண்டுவருகிற நெத்திலி, காரப்பொடி, சங்கராவை வாங்குகிறவர்களுக்கு மே மாதத்திலும் நல்ல மீன் குழம்பு உண்டு. ஹோட்டலில் உட்கார்ந்து, “இன்னிக்கு என்ன மீன் வந்துச்சு?” என்று கேளுங்கள். வஞ்சிரம் இருக்கா என்று கேட்டால் எப்போதும் இருக்கும்.

காய்கறிக்கும் இதே பேச்சுத்தான். 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. ராத்திரி முழுக்க லாரிகள் வரும். ஆந்திரத்திலிருந்தும் கோலாரிலிருந்தும் தக்காளி, நாசிக்கிலிருந்து பெரிய வெங்காயம். அங்கே விலை ஏறினால் இரண்டு நாளில் உங்கள் தட்டில் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றபோது, எத்தனை ஹோட்டல்களில் தக்காளிச் சட்னி சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போனது என்பது நினைவிருக்கும். 2019 கோடையில் தண்ணீரே இல்லாமல் சில உணவகங்கள் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தின. ஒரு முழுச் சாப்பாடு எவ்வளவு தண்ணீர் என்பதை அன்றைக்குத்தான் நாம் எண்ணிப் பார்த்தோம்.

வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பசியும் உண்டு. ரமலான் மாதம் திருவல்லிக்கேணி பெரிய மசூதிக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். 1795இல் கட்டிய வாலாஜா மசூதி. நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு அங்கே பல பத்தாண்டுகளாகச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறவர்களில் மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்திகள் இருக்கிறார்கள். தேசப் பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்த வழக்கம். தொப்பியும் அணிந்துகொண்டு பரிமாறுவார்கள். அந்தச் சாப்பாட்டை நீங்கள் விலைக்கு வாங்க முடியாது, எந்தப் பட்டியலிலும் அது இடம்பெறாது. நகரத்தில் நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

செல்போனைப் பற்றிக் கேட்பீர்கள். செயலிகளில் ஆர்டர் செய்வதை நான் குறை சொல்லப்போவதில்லை. மழை நாளில், காய்ச்சல் நாளில், குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிற நாளில் அது வரப்பிரசாதம். ஆனால் நட்சத்திரக் குறிகளை நம்பி ருசி தேடாதீர்கள். நாலு புள்ளி இரண்டு என்று அங்கே நிற்கிற எண், பார்சல் சீக்கிரம் வந்ததா, டப்பா ஒழுகியதா, தள்ளுபடி கிடைத்ததா என்று பல பேருடைய மனநிலையைக் கூட்டி வகுத்த எண். மெஸ்ஸில் தினமும் சாப்பிடுகிற ஆளின் பயமுறுத்தல் அந்த எண்ணில் இல்லை. இன்னொன்று, பார்சலில் பயணம் செய்யத் தெரிந்த பண்டம், தெரியாத பண்டம் என்று உண்டு. பிரியாணி, புளிசாதம், குழம்பு வகைகள் தாங்கும். முறுகல் தோசையை டப்பாவில் அடைத்து அரை மணி நேரம் ஸ்கூட்டரில் சுற்றவிட்டால் ஈரத்துணியாகத்தான் வந்து சேரும். அதற்கு மாஸ்டரைத் திட்டக் கூடாது.

சாலையோரக் கடையைக் கண்டாலே அசுத்தம் என்று விலகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையேந்தி பவனில் சமையல் உங்கள் கண் முன்னால் நடக்கிறது, ஏசி உணவகத்தில் கதவுக்குப் பின்னால் நடக்கிறது. கண் முன்னால் நடப்பதைப் பார்த்துத் தீர்மானிக்க உங்களுக்குக் கண் இருக்கிறது. எண்ணெயைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கறுத்து, நுரைத்து, சீக்கிரம் புகையும். அப்படிக் கெட்ட எண்ணெயில் சேரும் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. பஜ்ஜிக்காரரிடம் அளவுகோல் இருக்காது, ஆனால் நாலு மணிக்குப் போனால் முதல் எண்ணெய், எட்டு மணிக்குப் போனால் நாலு மணி நேர எண்ணெய். நிறத்தையும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருந்ததால் தமிழ்நாட்டில் தடை விதித்தார்கள். பொரித்த கோழி தீயணைப்பு வண்டியின் நிறத்தில் இருந்தால் மிளகாய் மட்டும் அந்த வேலையைச் செய்திருக்காது. சிக்கன் 65 மௌண்ட் ரோடு புகாரியில் 1965இல் பிறந்தது என்பார்கள், எண்ணுக்கு வேறு கதைகளும் உண்டு. எந்தக் கதையிலும் சாயம் வராது.

பணத்தைச் சொல்லாமல் சாப்பாட்டைப் பேசுவது வெட்கக்கேடு. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். 2015 வெள்ளத்தின்போது இந்த அடுப்புகள் இலவசமாகச் சோறு போட்டன. கட்சி பார்த்துப் புகழ்கிறவர்களும் உண்டு, கட்சி பார்த்து இகழ்கிறவர்களும் உண்டு. நான் காலையில் போய் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்டோக்காரர், பூ விற்கிற அம்மா, அரசு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவரின் மகன், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன். இட்லி சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் கல்லாக இருக்கிறது, கிளைக்குக் கிளையும் வேறுபடுகிறது. சரியாகப் பராமரிக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை ஒரு ரூபாய் கொடுத்தவருக்கும் உண்டு. நானூறு ரூபாய் காபிக்கடையில் பணிவாகப் பேசிவிட்டு இங்கே வந்து அதிகாரம் செய்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

கடைசியாக ஒன்று. நம் ஹோட்டல்களில் இன்று மேசை துடைப்பவர், தண்ணீர் வைப்பவர், பல இடங்களில் தோசைக்கல்லின் முன்னால் நிற்பவரே ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவர். நமக்குச் சட்னி சாம்பார் போடுகிற அந்தப் பையனுக்குச் சட்னி சாம்பார் பிடிக்குமா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? ஹோட்டலில் மூன்று மணிக்கு மேல் ஊழியர்கள் உட்காருகிற நேரத்தில் எட்டிப் பார்த்தால், மிஞ்சிய சாம்பாரை ஓரமாக வைத்துவிட்டு உருளைக்கிழங்கை மசித்துப் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் போட்டுப் பிசைந்துகொண்டிருப்பார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் மேன்ஷனில் இருந்த திருநெல்வேலிக்காரரின் நிலையில் இன்றைக்கு இவர்கள் இருக்கிறார்கள். ஊர் விட்டு வந்த ஆண்கள், அறைக்கு நாலைந்து பேர், சமைக்க இடமில்லை.

ஆகவே இவர்களுக்கான அடுப்புகளும் பற்றிக்கொண்டுவிட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும், பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டடம் எழும்புகிற இடங்களிலும் தகரக் கூரைபோட்ட கடைகள் இருக்கின்றன. சோறு, பருப்பு, ஆலு பாஜி, மீன், ராத்திரியில் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனால் லீவு நாள் கூட்டம் இருக்கும், சமையலும் ஒரு படி மேலே இருக்கும். பெயர்ப்பலகை பெரும்பாலும் கிடையாது. செல்போன் ரீசார்ஜ் கடையையும் அதன் பக்கத்தில் முடி வெட்டுகிற கடையையும் கண்டுபிடித்துவிட்டால் மூன்றாவது கடை அதுவாக இருக்கும். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். ரோகு மீனில் முள் அதிகம், பேசிக்கொண்டே சாப்பிட வேண்டாம்.

நேரமாகிவிட்டது. கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள், பசி இருப்பவர்கள் தாராளமாகக் கிளம்பலாம்.